“அப்பா எப்பவும் இப்படி இருக்க மாட்டார்”: கல்லீரல் மாற்றுக்குப் பின் ஐ.சி.யூ.வில் ஒரு வாரம்

நோயாளி 58 வயது ஆண். கொழுப்புக் கல்லீரலில் ஆரம்பித்து சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போவது) போய் நின்ற நோய். அறுவைக்கு முந்தைய மாதங்களில் இரண்டு முறை, கல்லீரல் செயலிழப்பால் வரும் மூளைக் குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல் கிடைத்தது. அறுவை ஒன்பது மணி நேரம் நடந்தது. இரண்டு காதிலும் கேட்புக் கருவி போடுபவர். இந்தக் கடைசித் தகவல் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருந்தது, ஐ.சி.யூ. படுக்கையின் தலைமாட்டில் இல்லை. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

பார்க்க வந்தவர்கள் மனைவி, மூத்த மகள், நோயாளியின் தம்பி. நான் அந்தப் பிரிவில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். மருந்து எழுதுவது என் வேலை அல்ல. குடும்பத்துக்கும் சிகிச்சைக் குழுவுக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் இரவு

அறுவை முடிந்து சில மணி நேரம் கழித்து மனைவியை உள்ளே அழைத்துப் போனோம். கதவைத் திறப்பதற்கு முன்னால் நர்ஸ் அவரை ஓரமாக உட்காரவைத்து, உள்ளே என்னென்ன கண்ணில் படும் என்று சொன்னார். முகமும் கைகளும் வீங்கியிருக்கும். அறுவையின்போது ஏற்றிய ரத்தமும் திரவமும்தான் காரணம், சில நாளில் வடிந்துவிடும். வாயில் குழாய் இருக்கும். அது குரல்நாண்களுக்கு நடுவே போவதால் விழித்தாலும் பேச்சு வராது, குரலே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கழுத்தில் ஒரு லைன் (ரத்தக் குழாய்க்குள் போகும் மெல்லிய குழாய்), மணிக்கட்டில் ஒரு லைன், வயிற்றிலிருந்து டிரெயின் குழாய்கள். அவற்றில் கொஞ்சம் சிவப்பாக வடிவது இந்த நேரத்தில் எதிர்பார்ப்பதுதான். உடம்பு சில்லென்று இருக்கலாம், அதற்காகத்தான் சூடான காற்று ஊதும் போர்வை.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. சொல்லாமல் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வருகிறவர் படுக்கைக்கு நாலடி தள்ளி நிற்பார், ஆளைப் பார்க்க முடியாமல் மானிட்டரைப் பார்ப்பார், நேரம் முடிந்ததும் போய்விடுவார்.

இந்த அம்மா கிட்டே போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கையை ஏன் கட்டியிருக்கீங்க? அவர் என்ன பண்ணினார்?”

“ஒண்ணும் பண்ணலைம்மா. மயக்கம் தெளியுறப்ப தெரியாமலே குழாயை இழுத்துடுவாங்க, அதுக்குத்தான். நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் அவிழ்த்துவிடுறேன். கையை நீங்க பிடிச்சுக்கணும், சரியா?”

இடது மணிக்கட்டு பலகையில் வைத்துக் கட்டியிருந்தது, அதில் ரத்த அழுத்தம் அளக்கும் லைன். வலது கை ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் கிளிப். புறங்கையில் ஊசி, அதன்மேல் பிளாஸ்திரி. மிச்சம் இருந்தது மோதிர விரலும் சுண்டு விரலும். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு அவர் பார்வை நேரம் முழுக்க நின்றார். சும்மா நின்று பார்த்துவிட்டுப் போவதற்கும், கட்டை அவிழ்க்க முடிகிற அளவுக்குப் பொறுப்பாக ஒரு கையைப் பிடித்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வெளியே வரும்போது அவர் நடையிலேயே அது தெரிந்தது.

மானிட்டர் கத்தும்போதெல்லாம் திடுக்கிட்டார். கையை மடக்கினால் கத்தும், கிளிப் நழுவினால் கத்தும், இருமினால் கத்தும். அலாரங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. “நாங்க ஓடி வரலைன்னா நீங்களும் பயப்பட வேண்டாம்” என்று நர்ஸ் சொன்னது நல்ல அளவுகோல். அதைவிட முக்கியமான ஒன்று: “புதுக் கல்லீரல் வேலை செய்யுதா?” என்பதற்கான பதில் அந்தத் திரையில் இல்லவே இல்லை. அது ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. கல்லீரல் ரத்தத்திலிருந்து நீக்க வேண்டிய லாக்டேட் இறங்குகிறதா, உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். தானாகக் குறைகிறதா, முதல் ஓரிரு நாளில் எகிறும் கல்லீரல் நொதிகள் பிறகு சரிகின்றனவா என்று பார்ப்பார்கள். கல்லீரல் தமனியில் ரத்தம் ஓடுகிறதா என்று டாப்ளர் ஸ்கேன் வேறு. குடும்பம் மணிக்கணக்கில் கண் கொட்டாமல் பார்ப்பது இதயத் துடிப்பை. கேட்க வேண்டியது காலை ரிப்போர்ட்டை.

தம்பியை உள்ளே விடவில்லை

மறுநாள் தம்பி வந்தார். வாசலில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் உண்டு: சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருக்கிறதா, உதட்டில் கொப்புளம் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது அம்மை, அக்கி போட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்: பையனுக்குச் சின்னம்மை, பத்து நாளாகப் போகிறது, இப்போது காய்ந்துவிட்டது. தனக்குச் சின்ன வயதில் வந்ததா என்று தெரியாது, கேட்டுச் சொல்ல அம்மாவும் இல்லை.

ரத்தம் எடுத்து எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. தடுப்பூசியும் போட்டதில்லை. எதிர்ப்பு இல்லாதவர் சின்னம்மை உள்ளவரோடு இருந்தால், முதல் தொடர்பிலிருந்து 8ஆம் நாள் தொடங்கி, கடைசித் தொடர்பிலிருந்து 21ஆம் நாள் வரை அவரும் பரப்பக்கூடியவர் என்று கணக்கு வைக்கிறோம். கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே அது காற்றில் பரவத் தொடங்கிவிடும்.

“எனக்கு ஒண்ணும் இல்லையேங்க. காய்ச்சல்கூட இல்லை. எங்க அண்ணனைப் பார்க்க விடமாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?”

கோபத்தில் நியாயம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கோ முன்பே சின்னம்மை வந்து எதிர்ப்பு இருந்தது, அறுவைக்கு முந்தைய பரிசோதனையிலேயே அது தெரியும். எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மருந்துகள் உச்ச அளவில் போகும் நேரத்தில் அதை மட்டும் நம்பிவிட முடியாது, அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் அந்தக் கூடத்தில் கிடக்கும் மற்றவர்கள். அவர்களில் யாருக்கு எதிர்ப்பு இருக்கிறது என்பது தம்பியின் கணக்கில் வராது, என் கணக்கில் வந்தாக வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர் வீடியோ காலில்தான் பேசினார்.

தொற்றுப் பயம் இந்தத் துறையோடு கூடவே பிறந்தது. 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்றில் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் உயிரோடு இருந்தார். அவரைக் கொண்டுபோனது நிமோனியா. உறுப்பு நிராகரிக்கப்படாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அமுக்க வேண்டும், அமுக்கினால் தொற்று உள்ளே வரும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் என்று மருந்துகள் தேறியிருக்கின்றன, இந்தக் கணக்கு மாறவில்லை. அதனால்தான் பூங்கொத்து வேண்டாம் என்கிறோம் (மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் இருக்கும்), போனைத் தொட்டால் மறுபடி கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறோம். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும், இரண்டு சொட்டு விட்டு உதறினால் போதாது. வயிற்றுப்போக்குக் கிருமியான கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் இருக்கும் அறையில் சானிடைசர் வேலைக்கு ஆகாது, அதன் ஸ்போர்கள் (கெட்டியான ஓடு கொண்ட வித்துகள்) ஆல்கஹாலுக்குச் சாகா. அங்கே சோப்பும் தண்ணீரும்தான்.

மூன்றாம் நாள்

இரண்டாம் நாள் காலை வென்டிலேட்டரிலிருந்து எடுத்தார்கள். கரகரத்த குரலில் தண்ணீர் கேட்டார். மூன்றாம் நாள் குறிப்பேட்டில் இருந்தது இவ்வளவுதான்: அமைதியாக இருக்கிறார், ஒத்துழைக்கிறார், பெரும்பாலும் தூக்கம். நல்ல பேஷண்ட் என்று பெயர் எடுத்துவிட்டார்.

மாலையில் மகள் வந்தார்.

“அப்பா, நான்தான்.” கண்ணைத் திறந்து தலையாட்டினார். “வலிக்குதா?” தலையாட்டினார். “வலிக்கலையா?” அதற்கும் தலையாட்டினார். “நான் யாருப்பா?” அதே தலையாட்டல்.

நேராக நர்ஸிடம் வந்தார். “சிஸ்டர், எதுக்கெடுத்தாலும் தலையாட்டுறார். காதுல விழுந்து ஆட்டலை. அப்பா எப்பவும் இப்படி இருக்க மாட்டார், ஒரு கேள்வி கேட்டா பதிலுக்கு நாலு கேள்வி கேட்கிற ஆளு. அது சரி, காது மெஷின் எங்கே?”

கருவிகள் அம்மாவின் கைப்பையில் இருந்தன. அறுவைக்கு முன் கழற்றிக் கொடுத்தது, பத்திரமாக வைத்திருந்தார்.

ஐ.சி.யூ.வில் வரும் திடீர் மனக்குழப்பத்தை டெலிரியம் என்கிறோம். கத்துவது, குழாயைப் பிடுங்குவது, கட்டிலிலிருந்து இறங்குவது என்று வந்தால் எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாத வகை ஒன்று உண்டு. ஆள் சோர்ந்து, கண்ணை மூடி, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிடப்பார். இதுதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போவது, ஏனென்றால் தொந்தரவு கொடுக்காத நோயாளி யாருக்கும் அவசரம் இல்லை. கண்டுபிடிக்க கேம்-ஐசியூ என்றொரு பரிசோதனை இருக்கிறது. வெஸ்லி ஈலியும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்டது. அதன் ஒரு பகுதியில் பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தப்பினால் கவனம் நிலைகொள்ளவில்லை என்று பொருள். அன்று காலை இவருக்கும் முயன்றிருந்தார்கள். “மதிப்பிட முடியவில்லை, தூக்கம்” என்று பதிவாகியிருந்தது. காது கேட்காதவரிடம் எழுத்துகளைச் சொன்னால் வேறு என்ன வரும்?

கருவிகளைப் போட்டுவிட்டு மறுபடி செய்தார்கள். முகம் மாறியது, மகள் குரல் வந்த பக்கம் திரும்பினார். ஆனால் பத்தில் ஐந்து தப்பு. ஆக, கருவி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற கதை அல்ல இது. கருவி போட்டதால்தான் இன்னொரு கோளாறு இருப்பது தெரிந்தது.

அதன்பிறகு டாக்டர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். கல்லீரல் மாற்று நோயாளிக்குக் குழப்பம் வந்தால் பட்டியல் நீளம்: புதுக் கல்லீரல் சுணங்குகிறதா, தொற்றா, சர்க்கரையா, சோடியம் வேகமாக ஏறியதா, மூளையில் கசிவா, வலிப்பா, வலி மருந்தா, ஸ்டீராய்டா. டாப்ளர் சரியாக இருந்தது. சி.டி. சரி. கல்லீரல் சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் அமோனியா பெரிதாக இல்லை. காலையில் மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு அப்போதுதான் வந்திருந்தது: மில்லிலிட்டருக்கு 8 முதல் 10 நானோகிராம் வரை வைத்திருக்க நினைத்த இடத்தில் 16.8. பூஞ்சைத் தொற்று வராமல் இருக்க ஃப்ளூகோனசோல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்ரோலிமஸை உடம்பு உடைத்து வெளியேற்றும் நொதியை அது தடுக்கும், அதனால் ரத்தத்தில் அளவு ஏறும். ஏறினால் கை நடுக்கம், தலைவலி, குழப்பம், சில சமயம் வலிப்புவரை போகும். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தபோது விரல்கள் நடுங்கின.

அன்றிரவு டோஸை நிறுத்தி, மறுநாளிலிருந்து குறைத்துக் கொடுத்தார்கள். வலி மருந்தையும் குறைத்தார்கள். தூக்கத்துக்கென்று புதிதாக எதுவும் சேர்க்கவில்லை.

மகள் சொல்லாவிட்டால்? அந்த ரத்தப் பரிசோதனை முடிவை எப்படியும் யாரோ பார்த்திருப்பார்கள், மறுநாள் காலை ரவுண்டிலாவது. ஆனால் இரவு எட்டு மணி டோஸ் உள்ளே போயிருக்கும். உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஒரு டோஸையும் ஓர் இரவையும் மிச்சப்படுத்தினார், அது போதுமான விஷயம். அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும் நோயாளி பழையபடி எப்படி இருப்பார் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பார்க்க வருகிறவரிடம் கையைக் கழுவச் சொல்கிறோம், சீக்கிரம் முடிக்கச் சொல்கிறோம். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கிக்கொள்ள மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

கப்பல்

நான்காம் நாள் பேச ஆரம்பித்தார். பேசியது கப்பலைப் பற்றி. தன்னைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள், இறங்கவிடமாட்டேன் என்கிறார்கள், நர்ஸ்களும் உடந்தை. குடும்பத்துக்கு இந்தக் கட்டம்தான் கஷ்டம். பேச்சு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, புத்தி போய்விட்டது என்று பயப்படுவதா?

மனைவி திருத்தப் பார்த்தார். “என்னங்க இது, கப்பலும் இல்லை ஒண்ணும் இல்லை. இப்படிப் பேசாதீங்க.” அவர் மறுக்க, இவர் திரும்பச் சொல்ல, இருவர் குரலும் உயர்ந்தது. 88இல் இருந்த நாடித்துடிப்பு 112க்குப் போனது. அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தார்.

மாலையில் மகள் வேறு மாதிரி செய்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “ஆடுதாப்பா?” என்று கேட்டுவிட்டு, மெத்தைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “ஆமா, ஆடுது. இது காத்து மெத்தை. முதுகுல புண் வராம இருக்க ஒரு பக்கம் காத்து ஏறும், ஒரு பக்கம் இறங்கும். இது ஐ.சி.யூ.ப்பா. கல்லீரல் மாத்தியாச்சு. இன்னைக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் ஆகுது.” அவரும் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப மோட்டார் சத்தம்?” என்றார். மெத்தையின் பம்பு கட்டிலின் கால்மாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த வேலையில் இத்தனை நாள் இருந்தும் அந்த மெத்தையை நான் அப்படி யோசித்ததில்லை. குழப்பத்தில் இருப்பவர் சொல்வதை ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறோம். அது சரியான அறிவுரைதான், ஆனால் நடுவில் என்ன செய்வது என்று அது சொல்லாது. நோயாளியின் உடம்புக்குத் தெரிவது பொய் அல்ல, அதற்கு அவர் கொடுக்கும் விளக்கம்தான் தப்பு. எது ஆடுகிறது, எது சத்தம் போடுகிறது என்று தேடிப் பார்த்தால் பல நேரம் பொருள் கையில் அகப்படும்.

ஐந்தாம் நாள் தலைமாட்டில் ஒரு அட்டை வந்தது: “காது கேட்காது. கருவி மேல் டிராயரில். காலை 7 மணிக்குப் போடவும், இரவு 9 மணிக்குக் கழற்றவும்.” மகளின் கையெழுத்து. அன்று டாக்ரோலிமஸ் 9.4. எழுத்துப் பரிசோதனையில் ஒரே ஒரு தப்பு. எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து குறைந்தது, காது கேட்டது, இரண்டு இரவு தூங்கினார், நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது.

ஆய்வுகள் சொல்வது

இப்படி ஒரு கேஸைப் பார்த்துவிட்டு, குடும்பத்தை நாள் முழுக்க உள்ளே விட்டால் டெலிரியம் குறையும் என்று சொல்லத் தோன்றும். பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் அதைச் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் நாளுக்கு 12 மணி நேரம் வரை அனுமதி, மறுபக்கம் வழக்கமான குறுகிய நேரம். டெலிரியம் முறையே 18.9 சதவீதம், 20.1 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. தொற்றும் கூடவில்லை. ஆனால் குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன.

இதை வைத்து, நேரத்தைக் கூட்டுவது வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. தொற்று கூடாமல் குடும்பத்தின் பதற்றம் குறைகிறது என்றால் நேரத்தைக் குறுக்கி வைக்க என்ன காரணம்? நோயாளியைப் பொறுத்தவரை, எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதைவிட வந்தவரிடம் என்ன கேட்டோம் என்பதுதான் விஷயம். “வழக்கத்தைவிடக் குழப்பமாக இருக்கிறாரா?” என்று தெரிந்தவரிடம் கேட்கும் ஒற்றைக் கேள்வி முறை 2010லேயே வெளியாகிவிட்டது. ஷேரன் இன்யோயியின் 1999 ஆய்வு கேட்புக் கருவி, கண்ணாடி, தூக்கம், நடமாட்டம் போன்ற சாதாரண விஷயங்களைக் கவனித்தே டெலிரியத்தை 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைத்தது. அது பொது வார்டில், 70 வயது தாண்டியவர்களிடம் செய்தது. ஐ.சி.யூ.வுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேட்புக் கருவியை டிராயரில் வைக்க யாரும் புதிதாக ஆய்வு செய்ய வேண்டியதில்லை.

பிறகு

ஏழாம் நாள் வார்டுக்கு மாற்றினோம். முதல் இரவு மனைவி கையைப் பிடித்திருந்தது அவர் நினைவில் இல்லை. கப்பல் நன்றாக நினைவில் இருந்தது, அதைச் சொல்லும்போது சிரிக்கவும் செய்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. மகள் ஒரு நோட்டில் அந்தந்த நாள் நடந்ததை இரண்டு மூன்று வரியாக எழுதி வைத்திருந்தார். அதைப் படிக்கக் கொடுத்தோம். இப்படி நாட்குறிப்பு வைத்தால் பின்னாளில் அதிர்ச்சி நினைவுகள் குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இவருக்கு அது வேறு விதத்தில் உதவியது: நர்ஸ்கள் உடந்தை இல்லை என்று எழுத்தில் பார்த்துக்கொண்டார்.

தம்பிக்கு அம்மை வரவில்லை. 21 நாள் முடிந்ததும் வந்தார், அதற்குள் அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருந்தார்.

மனைவி விஷயம்தான் நீண்டது. வீட்டில் மைக்ரோவேவ் பீப் அடித்தால் எழுந்து ஓடினார், ராத்திரியில் கணவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். ஐ.சி.யூ.வில் நோயாளியோடு இருந்த குடும்பத்தினருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் இந்தத் தொந்தரவுக்கு, ஐ.சி.யூ.வுக்குப் பிந்தைய பாதிப்பின் குடும்ப வடிவம் என்று தனிப் பெயரே இருக்கிறது. நோயாளிக்கு டாக்ரோலிமஸ் அளவு பார்க்க வாராவாரம் தேதி எழுதிக் கொடுக்கிறோம், கூட வருகிறவருக்கு எதுவும் எழுதுவதில்லை. கணவரின் இரண்டாவது பரிசோதனை அன்று அவரையும் ஆலோசகரிடம் அனுப்பினேன். முதலில் “எனக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். நாலு தடவை போனார். இப்போது ஐ.சி.யூ.வில் சேர்க்கும் அன்றே குடும்பத்திடம் நிரப்பக் கொடுக்கும் தாளில் மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் எங்கே இருக்கின்றன, இவர் சாதாரணமாக எப்படிப் பேசுவார், வீட்டில் உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்.